பால்கனி வாட்டர்ப்ரூஃபிங்குக்கு முன்: தளத்தைத் தயார் செய்யும் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை நெருங்கும்போதுதான் மதுரையில் பலருக்கும் பால்கனி நினைவுக்கு வருகிறது. போன வருடம் கீழ்த்தளத்து சீலிங்கில் படர்ந்த ஈரம், சுவர் ஓரம் உப்பிய பெயின்ட் எல்லாம் மனதில் இருக்கும். கடைக்குப் போனதும் "எந்தக் கெமிக்கல் நல்லது?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். போன தடவை அடித்த பூச்சு எங்காவது உரிந்து கிடந்தால் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவுப் படலம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பூச்சு அந்த மாவை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. மாவுதான் கான்கிரீட்டைப் பிடிக்கவில்லை.

அந்த மாவை எப்படி எடுப்பது, எடுக்கும்போது பால்கனியைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. கேள்விகள் எல்லாம் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக்காரர்களும் கொத்தனார்களும் கேட்பவை.

தளத்தை நன்றாகக் கழுவிவிட்டால் போதாதா?

போதாது. கான்கிரீட் போட்டு மட்டம் தட்டும்போது சிமெண்டும் நுண்மணலும் கலந்த தண்ணீர் மேலே வந்து நிற்கும். காய்ந்ததும் அது மெல்லிய தோலாகிவிடும். இதைத்தான் சிமெண்ட் பால் என்கிறோம். நம் ஊரில் அதற்கு மேலும் ஒரு வேலை நடக்கும்: தளம் வழவழப்பாக வரவேண்டும் என்று உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரண்டியால் தேய்த்துவிடுவார்கள். பார்க்க அழகு, வெறுங்காலில் நடக்கவும் சுகம். ஆனால் அந்தத் தோலுக்குப் பலம் கிடையாது, கான்கிரீட்டின் துளைகளையும் அது அடைத்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி போகும், தோல் போகாது. அதை உரசித்தான் எடுக்க வேண்டும்.

என் பால்கனிக்கு எந்தக் கருவி வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருவி வாங்குவதற்கு முன் காசில்லாத சில சோதனைகள் இருக்கின்றன. சாவியாலோ ஆணியாலோ தளத்தை அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் மேல்பரப்பு கெட்டி. மாவு மாவாகப் பெயர்ந்தால் தோல் இருக்கிறது. அடுத்து, நான்கைந்து இடத்தில் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடம் கருத்தால் துளைகள் திறந்திருக்கின்றன. முத்து முத்தாக நின்றால் எண்ணெய், மெழுகு, பழைய சீலர் என்று ஏதோ ஒன்று மேலே இருக்கிறது. கடைசியாகச் சின்னச் சுத்தியலால் தளம் முழுக்க அரையடிக்கு ஒரு தட்டு. கெட்டியான இடத்தில் 'ணங்' என்று வரும், அடியில் பிடிப்பு விட்டு வெற்றிடமாக இருந்தால் 'டொக்' என்று வரும். டொக் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

மாவு மட்டும்தான் என்றால் கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் போதும். எண்ணெய்க் கறை என்றால் முதலில் டிடர்ஜென்ட் கரைசல், கெட்டி பிரஷ், வெந்நீர். எண்ணெய் இருக்கும்போதே கிரைண்டர் ஓட்டினால் அது தளம் முழுக்கப் பரவும். டொக் என்ற இடங்களுக்கு உளியும் சுத்தியலும், அல்லது சின்ன சிப்பிங் மிஷின், அதாவது கரண்டில் ஓடும் உளி. இந்த மூன்றுக்குள் முக்கால்வாசி வீடுகள் அடங்கிவிடும்.

"பிரேக்கரைப் போட்டு ஒரே நாளில் எடுத்துருவோம் சார்" என்கிறார் கொத்தனார். சரி சொல்லலாமா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நின்று, நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறைக்குள் இருக்கும் தளத்துக்கு நான்கு பக்கமும் சுவரோ பீமோ தாங்கல் உண்டு. அதில் முக்கியமான கம்பி அடிப்பக்கம் ஓடும். வீட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குத் தாங்கல் ஒரு பக்கம் மட்டும்தான். பாரம் ஏறும்போது அதன் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் அமுங்கும். அதனால் அங்கே தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது, அதாவது நீங்கள் வேலை செய்யப்போகும் பக்கம். இந்தியத் தர விதி ஐஎஸ் 456 மிதமான சூழலுக்குக் கேட்கும் கம்பி மூடல், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், 30 மிமீ. சுமார் ஒன்றேகால் அங்குலம்தான். மேலே ஸ்க்ரீட், அதாவது சிமெண்டும் மணலும் கலந்த மட்டக் காரை இருந்தால் அது ஒன்று இரண்டு அங்குலம் கூடுதல் காப்பு. இல்லை என்றால் பிரேக்கரின் முனை நேராகக் கம்பியின் மேல்தான் இறங்கும்.

10 கிலோ, 15 கிலோ பிரேக்கர், அதாவது கான்கிரீட்டை இடித்து உடைக்கும் கனமான மிஷின், நாலைந்து அங்குலக் கனமுள்ள பால்கனிக்கு வேண்டவே வேண்டாம். அது மேலே உடைப்பதோடு நிற்காது. அடி விழும் இடத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களைக் கான்கிரீட்டுக்குள் விட்டுவிட்டுப் போகும். அந்த நொறுங்கிய படலத்தின் மேல் எத்தனை விலை உயர்ந்த பூச்சைப் பூசினாலும் கொஞ்ச நாளில் படலத்தோடு கிளம்பிவிடும்.

ஸ்க்ரீட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ரோட்டரி ஹேமர் எடுங்கள். சுற்றுவதை நிறுத்தி, அடி மட்டும் விழும் நிலையில் திருப்பி, அகல உளி மாட்டிச் சாய்வாகப் பிடித்து வேலை செய்ய வேண்டும். செங்குத்தாகக் குத்தக்கூடாது. எங்கே நிறுத்துவது என்பதற்கு அடையாளம் ஜல்லி. ஸ்க்ரீட்டில் கருங்கல் ஜல்லி இருக்காது. ஜல்லி முகம் தெரிந்துவிட்டால் அசல் கான்கிரீட்டைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்குக் கீழே உளி போகக்கூடாது. இதை வேலை தொடங்கும் முன்பே, செங்கல் எடுக்கும் சித்தாள் உட்பட எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். இதற்கும் இதே கருவிகளா?

இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அந்தத் தளத்துக்கு அதிர்வும் ஆகாது, சிமெண்டும் ஆகாது. கிரைண்டர், சிப்பிங் மிஷின் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் கான்கிரீட் பால்கனிக்கு மட்டும்.

கிரைண்டர் எந்த அளவு வாங்க வேண்டும்? என்ன வீல் மாட்ட வேண்டும்?

வீட்டு பால்கனிக்கு 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரோ 5 அங்குலமோ போதும். 7 அங்குலம் வேகமாக எடுக்கும், ஆனால் கனம். கை கொஞ்சம் சாய்ந்தாலும் தளத்தில் பிறை வடிவத்தில் பள்ளம் விழும். அதன் மோட்டார் இழுக்கும் கரண்டுக்குப் பெரிய பிளக் பாயின்ட்டும் வேண்டும்.

வீலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரும்பு தேய்க்கும் கல் வீல் கான்கிரீட்டுக்கு உதவாது, சீக்கிரம் கரைந்துபோகும். டைல்ஸ் வெட்டும் பிளேடு வெட்டத்தான், அதைப் படுக்கவைத்துத் தேய்க்கக்கூடாது. வேண்டியது டைமண்ட் கப் வீல்: கிண்ணம் போலக் குழிந்து, விளிம்பில் வைரத்துகள் பதித்த பற்கள் இருக்கும். பல் பல்லாகப் பிரிந்திருக்கும் வீல் வேகமாக எடுக்கும், டர்போ என்று விற்பது சற்று வழவழப்பாக விடும். வாட்டர்ப்ரூஃபிங்குக்கு முதலாவதே சரி.

வாங்கும்போது துளை அளவைக் கேளுங்கள். நம் ஊரில் கிடைக்கும் 4 அங்குல மிஷின்களுக்குப் பெரும்பாலும் 16 மிமீ துளை, 5 அங்குலத்துக்கு 22.23 மிமீ. வாஷர் வைத்து ஒப்பேற்றாதீர்கள். வீலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று வேகம் மிஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. 4 அங்குல மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். 7 அங்குலத்துக்கென்று செய்த வீல் அந்த வேகத்துக்குத் தாங்காது. பெரிய வீல் மாட்டுவதற்காக மிஷினின் கார்டை, அதாவது வீலைச் சுற்றியிருக்கும் காப்பு மூடியைக் கழற்றும் பழக்கம் பல சைட்டில் இருக்கிறது. கார்டு இல்லாத மிஷினை உங்கள் வீட்டில் ஓட்ட விடாதீர்கள், சண்டை வந்தாலும் சரி.

கப் வீலை எப்படி ஓட்டுவது? அழுத்தித் தேய்க்க வேண்டுமா?

அழுத்தவே வேண்டாம். மிஷினின் எடையே போதும். இரண்டு கையாலும் பிடித்து, வீலின் முழு முகமும் தளத்தில் படும்படி வைத்து, இடம் வலமாக ஒரே சீராக நகர்த்துங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் குழி விழும். முதல் சுற்றில் வெளிர் சாம்பல் தோல் போய், அடுத்ததில் மணல் துகள்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அங்கே நிறுத்திவிடலாம். இன்னும் தேய்த்துக்கொண்டே போனால் தளம் பாலிஷ் ஆகி, திறந்த துளையெல்லாம் மறுபடி மூடிவிடும்.

வீல் சுற்றுகிறது, ஆனால் எதுவும் போகவில்லை என்றால் பற்கள் பளபளத்துப்போயிருக்கும். ஒரு சாலிட் பிளாக் கல்லின் மேல் சிறிது நேரம் ஓட்டுங்கள். பல்லைப் பிடித்திருக்கும் உலோகம் கரைந்து புது வைரத்துகள் வெளியே வரும், பழையபடி கடிக்கும்.

தூசிக்குத் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது, போதவே போதாது. கான்கிரீட்டைத் தேய்க்கும்போது வருவதில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் இருக்கிறது. துண்டின் இழை வழியாக அது சுலபமாகப் போய்விடும். நுரையீரலுக்குள் படிந்தது திரும்ப வராது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தும் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 2016இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். மூடிய பால்கனியில் கவர் இல்லாமல் கிரைண்டர் ஓட்டினால் அந்த வரம்பைக் கொஞ்ச நேரத்திலேயே தாண்டிவிடும்.

செய்ய வேண்டியது: கிரைண்டருக்கு மேல் மாட்டும் தூசிக் கவர், அதோடு இணைக்கும் நல்ல ஃபில்டர் உள்ள வேக்குவம். கவர் பெரிய விலை இல்லை, மிஷின் அளவைச் சொன்னால் ஹார்டுவேர் கடையில் வரவழைத்துத் தருவார்கள். முகத்துக்கு என்95 மாஸ்க், முகத்தோடு ஒட்டி இருக்கும்படி. முடிந்தால் ரப்பர் அரை முகமூடியில் பி100 ஃபில்டர். கண்ணாடியும் காதடைப்பும் கூட. வேலை செய்பவர் தினக்கூலிக்கு வருகிறவராக இருந்தால் இதையெல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம். வேலை நடக்கும்போது வீட்டுக் கதவு ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். கீழ் வீட்டில் துணி காய்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தால் தூசி வராதே என்பார்கள். சாதாரணக் கிரைண்டர் அதற்காகச் செய்ததில்லை, ஷாக் அடிக்கும். வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஈரத்தின் பக்கம் எந்த மிஷினும் போகக்கூடாது.

ஏற்கெனவே தார் அடித்திருக்கிறது. கிரைண்டர் ஓட்டினால் வீலில் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

சூட்டில் தார் இளகும், வீல் சுற்றும்போதும் சூடு வரும். அதனால் பல் இடுக்கெல்லாம் தார் நிரம்பி வீல் வழுக்கும். தாரை அதிகாலையில் எடுங்கள். மார்கழி, தை மாத விடியற்காலையில் தார் உடையும் பதத்தில் இருக்கும். நீளக் கைப்பிடி வைத்த அகல ஸ்க்ரேப்பரைத் தளத்தோடு படுக்கவைத்துத் தள்ளினால் தகடு தகடாக வரும். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு அதே தார் பபிள்கம் பதத்துக்கு வந்துவிடும், ஆளைத்தான் கஷ்டப்படுத்தும். முக்கால்வாசி போனபின் மிச்சம் இருக்கும் கறைக்கு கப் வீல். கறை முழுக்கப் போகவில்லை என்றால், அதன் மேல் என்ன பூசலாம் என்பதைப் புதுப் பூச்சின் விவரத்தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தார்க் கறையின் மேல் எல்லாப் பூச்சும் நிற்காது.

வெயிலுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் வேறு மாதிரி. அதன் மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். சில்லு சில்லாக வந்தால் முழுக்க எடுக்க வேண்டும். வரவில்லை என்றாலும் சிமெண்ட் கலந்த பூச்சு அடிப்பதாக இருந்தால் எடுத்தாக வேண்டும், அது கான்கிரீட்டையே பிடிக்கவேண்டிய பூச்சு.

டைல்ஸ் மேலேயே பூசிவிடலாமா?

தட்டிப் பார்த்து டொக் சத்தம் வந்தால் டைல்ஸுக்கு அடியில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே மூடினால் அந்தத் தண்ணீர் கீழ்ப்பக்கமாகத்தான் வழி தேடும். எடுத்துவிடுவது நல்லது. ஓரத்தில் ஒரு டைலை உடைத்து வழி ஏற்படுத்திக்கொண்டு, அகல உளியை டைலுக்கும் காரைக்கும் நடுவில் படுக்கையாகச் செலுத்தினால் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் தளம் சொரசொரப்பாகிறதே. அது சுலபம் இல்லையா?

சொரசொரப்பாகும், உண்மைதான். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சிமெண்டைக் கரைக்கும். ஆனால் அதில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பால்கனியில் கம்பி மேல்பக்கம் இருக்கிறது என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். இதோடு, சரியாகக் கழுவாத ஆசிட் விட்டுப்போகும் உப்பும் பூச்சைப் பிடிக்க விடாது. பால்கனித் தளத்துக்கு ஆசிட் வேண்டாம்.

கார் கழுவும் பிரஷர் வாஷர் வீட்டில் இருக்கிறது. பயன்படுமா?

கடைசிச் சுத்தத்துக்குப் பயன்படும். பாசி, துளைக்குள் அடைந்த சேறு, கிரைண்டர் ஓட்டியபின் மிஞ்சும் மாவு எல்லாம் நன்றாகப் போகும். சிமெண்ட் பாலை எடுக்கும் அளவுக்கு அதற்கு விசை கிடையாது. கதவு நிலைக்கு அடியில் பீச்சாதீர்கள், தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அடுக்குமாடி என்றால் கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தளத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கழுவினாலும் திரும்ப வருகிறது.

மதுரையின் புறநகர்ப் பகுதிகளில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இது அடிக்கடி கேட்கும் புகார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே படிகிறது. அதை நனைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போகும். அதனால் முதலில் காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வேக்குவம் வைத்து எடுத்துவிடுங்கள். அதன்பின் கழுவலாம். கடைசி அலசலுக்கு மட்டும் உப்புத் தண்ணீரைத் தவிர்த்து, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் பூச்சு கலக்கவும் அதுவே. கம்பி உள்ள கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் அதைத் தாண்டியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே இடத்தில் பூத்துக்கொண்டே இருந்தால் ஈரம் எங்கிருந்தோ வருகிறது. பக்கத்துச் சுவருக்குள் ஓடும் குழாயைப் பாருங்கள்.

விரிசலைத் திறந்து அடைக்க வேண்டும் என்கிறார்கள். எதால் திறப்பது?

மயிரிழை விரிசலுக்கு மேலே பூசினால் போதும் என்று விட்டுவிடக்கூடாது. பூச்சு அதன் மேல் பாலம் கட்டி நிற்கும், வெயிலில் விரியும்போது அங்கேதான் முதலில் கிழியும். 4 அங்குலக் கிரைண்டரில் டைமண்ட் வெட்டு பிளேடு மாட்டி, இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டினால் ஆங்கில எழுத்து வி போன்ற காடி விழும். மேலே பத்து மிமீ அகலம், ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆழமாகப் போகாதீர்கள், கம்பி இருக்கிறது. பிளேடை ஆழம் தாண்டாமல் பிடிக்கப் பழகிய கைதான் இதைச் செய்ய வேண்டும். வெட்டியபின் சின்னக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புளோயரால் ஊதி எடுத்துவிட்டுத்தான் பாலிமர் கலந்த சிமெண்ட் காரையோ பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டோ வைக்க வேண்டும்.

ஒரு விரிசலை மட்டும் யாரும் அடைக்கக்கூடாது. பால்கனி வீட்டோடு சேரும் இடத்தில், சுவருக்கு இணையாக, மேல்பக்கத்தில் நீளமாக ஓடும் விரிசல். அது மேல் கம்பி வேலை செய்யும் இடம். அங்கே விரிசல் என்றால் பால்கனி முன்பக்கம் தொங்க ஆரம்பித்திருக்கலாம். தொட்டிச் செடி, கல் பெஞ்சு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஆட்களை நிற்க விடாமல், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழையுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் அதற்கு அப்புறம்.

தட்டி எடுத்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

கம்பியைச் சுற்றி உதிரும் கான்கிரீட்டைக் கை உளியால் எடுங்கள், மிஷின் வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் காரையால் மூடலாம். கம்பியே மெலிந்து தகடு தகடாக உரிந்தால் இதுவும் இன்ஜினியர் பார்க்க வேண்டியதுதான்.

முக்கு, நாணி டிராப் (தண்ணீர் வெளியேறும் வாய்), கிரில் கால் இங்கெல்லாம் கிரைண்டர் நுழைவதில்லையே?

நுழையாது. ஆனால் தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். கைவேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் அரை அங்குல உளி, கை கம்பி பிரஷ், பட்டி பார்க்கும் தகடு. நாணி டிராப்பைச் சுற்றிக் காரை ஆடினால் ஒரு அங்குலம் அகலத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, சுருங்காத கிரவுட் வைத்து நிரப்ப வேண்டும். கிரில் கால் தளத்தில் நுழையும் இடத்தில் துருவும் பெயின்ட்டும் மாறி மாறிப் படிந்திருக்கும். கிரைண்டரில் மாட்டும் சின்னக் கம்பிக் கப் பிரஷ் நன்றாக எடுக்கும். பறக்கும் கம்பித் துண்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, முகக் கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மூலைகளைச் சுத்தம் செய்தபின் காரையால் வளைவாகக் கோவிங் போடுவார்கள். அதற்குத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். ஒரு அங்குல பிவிசி குழாய்த் துண்டை ஈரக் காரையின் மேல் இழுத்தால் வளைவு அழகாக வரும்.

வாட்டம் சரியில்லை, தண்ணீர் நடுவில் நிற்கிறது. இப்போதே சரி செய்ய வேண்டுமா?

ஆமாம், பூச்சுக்கு முன்னால்தான். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தேங்கும் இடத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். டியூப் லெவலோ ரசமட்டமோ வைத்து அளந்தால் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் கிடைக்க வேண்டும். மேட்டைக் கிரைண்டரால் குறைக்கப் பார்ப்பதைவிடப் பள்ளத்தைப் பாலிமர் காரையால் உயர்த்துவது பத்திரம். மட்டக்கட்டையால் இழுத்துவிட்டு, மணியாசுப் பலகையால் (மரத் தேய்ப்புப் பலகை) தேய்த்துச் சொரசொரப்பாக விடுங்கள். கொத்தனார் பழக்கத்தில் கரண்டி போட்டு வழவழப்பாக்கிவிடுவார், பக்கத்தில் நின்று தடுங்கள்.

எவ்வளவு சொரசொரப்பு போதும்?

கான்கிரீட் பழுதுபார்ப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐசிஆர்ஐ இதற்கு ஒன்று முதல் பத்து வரை மாதிரிப் பலகைகள் வைத்திருக்கிறது. ஒன்று கிட்டத்தட்ட வழவழப்பு, பத்து கரடுமுரடு. பால்கனியில் அடிக்கும் மெல்லிய பூச்சுகளுக்கு இரண்டு அல்லது மூன்று போதும். கையால் தடவினால் நடுத்தர உப்புக் காகிதம் மாதிரித் தெரிய வேண்டும். ஷாட் பிளாஸ்டிங், ஸ்கேப்ளர் போன்ற பெரிய மிஷின்கள் பார்க்கிங் தளத்துக்கும் குடோனுக்கும்தான்.

பூசும்போது தளம் காய்ந்திருக்க வேண்டுமா, நனைந்திருக்க வேண்டுமா?

பூச்சைப் பொறுத்தது. சிமெண்ட் கலந்து அடிக்கும் பூச்சுக்குத் தளம் தண்ணீர் குடித்து நிறைந்திருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் நிற்கக்கூடாது. முதல் நாள் மாலை நனைத்து, காலையில் மறுபடி தெளித்து, தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடிப்பார்கள். மதுரை வெயிலில் காய்ந்த தளம் பூச்சில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு மாவாகிப்போகும்.

பாலியூரித்தேனுக்கு நேர் எதிர், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் குமிழ் வரும். ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ தளம் கருத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். பூசுவதும் மாலையில்தான் நல்லது. காலையில் தளம் சூடேறிக்கொண்டே போகும்போது துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சைக் குத்திக்கொண்டு மேலே வரும், ஊசித் துளைகள் விழும்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்?

தை முதல் பங்குனி வரை எடுப்பதற்கும் காய்வதற்கும் வசதி. சித்திரையில் கோடை மழை சட்டென்று வரும், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆளும் கிடைப்பது கஷ்டம். ஆடிக்குப் பிறகும் செய்யலாம், ஆனால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆகாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மிஷினை வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா?

4 அங்குலக் கிரைண்டர் வீட்டுக்கு எப்போதும் உதவும், வாங்கலாம். ரோட்டரி ஹேமரும் தூசி இழுக்கும் வேக்குவமும் வாடகைக்கு. கப் வீல், மாஸ்க் இரண்டையும் மட்டும் புதிதாகச் சொந்தமாக வாங்குங்கள். வாடகை மிஷினோடு வரும் வீலுக்குப் பல் தேய்ந்திருக்கும்.

காண்ட்ராக்டரிடம் விட்டால் தயாரிப்பு சரியாக நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

விலை பேசும்போதே 'சர்ஃபேஸ் பிரிபரேஷன்' என்று ஒரு வரியில் முடிக்காமல், கிரைண்டிங், விரிசல் திறப்பு, கோவிங், வேக்குவம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பூச்சு வாளியைத் திறக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்குக் கறுப்புத் துணி ஒன்றைத் தளத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் இன்னொரு தடவை வேக்குவம். விளக்குமாற்றால் கூட்டினால் தூசி துளைக்குள்தான் போகும். சொட்டுத் தண்ணீர் சோதனையையும் மறுபடி செய்யுங்கள், இந்தத் தடவை எல்லா இடத்திலும் உறிஞ்ச வேண்டும்.

தயார் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பூசலாமா?

அன்றே, முடியாவிட்டால் மறுநாள். திறந்த துளைகள் தெருத் தூசி, கோலமாவு, துணி சொட்டும் சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். சிமெண்ட் பூச்சுக்காக நனைத்து வைக்கும் அந்த ஒரு இரவு பரவாயில்லை. தவிர்க்க முடியாமல் தள்ளிப்போனால் தளத்தில் செருப்போடு யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூசும் நாளில் கம்பி பிரஷ்ஷும் வேக்குவமும் மறுபடி போட்டு, கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு வாளியைத் திறக்கலாம். கிரைண்டர் இரண்டாம் தடவை தேவைப்படாது.